ஏழு நிமிடத் தாள்

ஜனாதிபதி ஒரு வார ஓய்வுக்காக நுவரெலியாவுக்கு வந்தபோது, அவர் தினமும் காலையில் படிக்கும் தாளும் கூடவே வந்தது. அதைத் தயாரிக்கிற நான்கு பேர், இரண்டு அச்சு இயந்திரங்கள், பூட்டுப் போட்ட ஒரு தோல் பை எல்லாம் கொழும்பிலிருந்து ஒரே வேனில் ஏறி வந்தன. அரச விடுதிக்குப் பின்னால் பாவனையில் இல்லாத ஒரு பழைய பங்களாவை அவர்களுக்குத் துப்புரவு செய்து கொடுத்தார்கள். அவர்களுடைய தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டாம் நாளே காய்ச்சல் வந்துவிட்டது. அதனால் ஹட்டன் அலுவலகத்திலிருந்து பிரேமினியை அனுப்பச் சொல்லித் தகவல் வந்தது.

பிரேமினிக்கு நாற்பத்து மூன்று வயது. டிக்கோயாவில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் ஒன்றில் பிறந்தவள். ஹட்டனில், வெளியே பெயர்ப்பலகை இல்லாத ஓர் அலுவலகத்தில் பதினேழு வருடமாகத் தமிழ் அறிக்கைகளைச் சிங்களமாக்கிக் கொண்டிருந்தாள். எந்தத் தோட்டத்தில் கூட்டம், யார் பேசினார், எத்தனை பேர் கைதட்டினார்கள், எந்தத் தொழிற்சங்கம் எதனுடன் கோபம் என்பவைதான் அந்த அறிக்கைகளில் இருக்கும். அவள் எழுதியது கொழும்புக்குப் போகும். கொழும்பில் அது என்ன ஆகிறது என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு என்ன வேலை என்று கேட்பதைக் கணவர் விஜிதரன் எப்போதோ நிறுத்திவிட்டார்.

பங்களாவில் பொறுப்பாக இருந்தவர் விமலசூரிய. ஓய்வுபெற ஒன்றரை வருடம் மிச்சம் இருந்தது. மூன்று தலைவர்களுக்கு இந்தத் தாளைத் தயாரித்தவர். வயிற்றில் புண் இருந்ததால் மணிக்கொரு தரம் கிரீம் கிறாக்கர் பிஸ்கட் ஒன்றைத் தேநீரில் தோய்த்துத் தின்பார். குளிருக்குக் கழுத்தில் சுற்றிய மப்ளரை அறைக்குள்ளும் கழற்றமாட்டார். அவர் சிங்களத்தில்தான் பேசினார். ஆனால் தமிழ் அறிக்கைகளில் ஊர்ப்பெயர் வந்தால் விரலால் தொட்டு, சரியாக வாசித்துக் காட்டச் சொல்வார்.

வேலை எப்படி என்று முதல் நாளே அவளுக்கு விளங்கிவிட்டது. மதியத்துக்குள் நாடு முழுவதிலுமிருந்து நூற்றைம்பது, நூற்றெண்பது அறிக்கைகள் வரும். விமலசூரிய எல்லாவற்றையும் வாசிப்பார். இரண்டு மணிக்கு நாற்பது மிஞ்சும். நான்கு மணிக்குப் பன்னிரண்டு. ஆறு மணிக்கு ஏழு விடயங்கள், இரண்டு பக்கம், அத்தோடு பூட்டு. ஒவ்வொரு விடயத்துக்கும் மூன்று வாக்கியம். என்ன நடந்தது, அதனால் ஜனாதிபதிக்கு என்ன, இனி என்ன நடக்கலாம். சொன்னவர் பெயர் வராது. அவரை எவ்வளவு நம்பலாம் என்பது மட்டும் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்தாக வரும். காலை ஐந்தரைக்கு மறுபடி ஒருமுறை பார்த்து, அச்சடித்து, தோல் பையில் வைத்துக் கொடுக்க வேண்டும். ஜனாதிபதி காலைத் தேநீருடன் ஏழு நிமிடம் அதைப் படிப்பார்.

"ஏழு நிமிடம்தானா சார்?" என்றாள் பிரேமினி.

"முந்தியவர் நாலு நிமிடம். இவர் பரவாயில்லை."

"ஹட்டனிலிருந்து நாங்கள் அனுப்புவதில் எத்தனை இதில் வந்திருக்கும்?"

விமலசூரிய பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர்போல உண்மையாகவே யோசித்தார். "போன வருடம் இரண்டு. ஒன்று சம்பளப் போராட்டம். மற்றது லயத்துக்குள் சிறுத்தை புகுந்த விடயம். அதைத் தொலைக்காட்சியில் காட்டிவிட்டார்கள், அதனால் போட வேண்டியதாயிற்று."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பதினேழு வருடத்தில் ஒரு நாளைக்கு ஆறு அறிக்கை என்று கணக்குப் பார்க்கப் போய், பாதியில் விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது. அனுப்பியவர் அழகுமுத்து. ஐம்பத்தைந்து வயது, பழைய மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போகிறவர். காப்புறுதி முகவர் என்று சொல்லிக்கொள்வார். அவர் உண்மையில் யார் என்பது எல்லாத் தோட்டத்திலும் தெரியும். தெரிந்தும் தேத்தண்ணி கொடுப்பார்கள்.

அறிக்கை இப்படி இருந்தது: ஹார்வெல் தோட்டம், மேல்பிரிவு. ஐம்பத்தெட்டுக் குடும்பங்கள் நான்கு நாளாக வேலைக்குப் போகவில்லை. கோயிலடியில் தினமும் கூட்டம். முன்னின்று நடத்துபவர் மீனம்மா, கொழுந்து பறிப்பவர், மாதர் சங்கத் தலைவி. வருகிற சனிக்கிழமை ஜனாதிபதி பொகவந்தலாவையில் ஒரு கட்டடம் திறக்க வரும்போது வீதியில் இறங்குவதாகப் பேச்சு.

பிரேமினி சிங்களத்தில் எழுதிக் கொடுத்தாள். விமலசூரிய வாசித்துவிட்டுச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, மேலே ஒன்று என்று இலக்கமிட்டார். "ஜனாதிபதி போகும் பாதைப் பிரச்சினை. இது போகும்."

நான்கு நாள் வேலைக்குப் போகாமல் இருப்பதென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. சம்பளக் கூட்டு ஒப்பந்தமும் இப்போது பேச்சில் இல்லை. என்னத்துக்காக என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வெளியே வந்து, பூச்சட்டிகள் வரிசையாக வைத்திருந்த நடைபாதையில் நின்று அழகுமுத்துவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அழகுமுத்து அண்ணே, ஹார்வெல்ல ஏன் வேல நிப்பாட்டியிருக்காங்க?"

"பயத்துல மிஸ். லயத்துக்கு மேல மலை பொளந்திருக்கு."

"பொளந்திருக்குன்னா?"

"வருசப் பொறப்பு அன்னிக்கு ராவு பேஞ்ச மழையில பொளந்திருக்கு. அறுபது எழுபது அடி நீளம் இருக்கும். நான் கையவிட்டுப் பாத்தேன், முழங்கை வரைக்கும் போச்சு. கீழ அஞ்சு லயம். அதான் சனங்க சாமான தூக்கிக்கிட்டு இஸ்கூலுக்குப் போயிருச்சுங்க. தோட்டத்துத் தொர என்னாங்குறாருன்னா, ஒண்ணும் ஆகாது, லயத்துக்குத் திரும்பி வந்தாத்தான் பேரு போடுவேன்னு."

"பேரு போடாட்டி?"

"ஒரு நாள் சம்பளம் போச்சு. வேறென்ன."

"வீதியில எறங்குறதா எழுதியிருக்கீங்களே."

"எறங்கத்தான் போறாங்க. மறிக்க இல்ல மிஸ். ஒரு கடுதாசி எழுதி வச்சிருக்காங்க. ஜனாதிபதி கையில குடுக்கணுமாம்."

"இத ஏன் நீங்க எழுதல?"

"எங்க எழுதுறது மிஸ்? ஃபாரத்துல எடமில்லையே. கூட்டம் எங்க, தலைவர் யாரு, எத்தன பேரு, எந்தக் கட்சி, அடுத்து என்ன செய்யப் போறாங்க. அவ்வளவுதான கேட்டிருக்கு."

அந்தப் படிவத்தைப் பதினொரு வருடத்துக்கு முன் சிங்களத்திலிருந்து தமிழாக்கியவள் அவள்தான். ஏன் என்று ஒரு கேள்வி அதில் இல்லை என்பது அன்றைக்கும் அவளுக்குத் தோன்றவில்லை, அதற்குப் பிறகும் தோன்றவில்லை.

உள்ளே போய் விமலசூரியவிடம் சொன்னாள். அழகுமுத்து கைப்பேசியில் அனுப்பிய படங்களையும் காட்டினாள். சிவப்பு மண்ணில் கறுத்த வாய்போல ஒரு பிளவு. அதன் ஓரத்தில் தேயிலைச் செடிகள் வேர் தெரியச் சாய்ந்து நின்றன.

"இது பேரிடர்களைப் பார்க்கும் அனர்த்த முகாமைத்துவத்தின் வேலை" என்றார் அவர்.

"அவர்களுக்கு நாலு நாளைக்கு முந்தியே எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். இன்னும் ஒருவரும் வரவில்லை. சார், நாம் 'எதிர்ப்பு' என்று மட்டும் போட்டால் பொலிஸ்தான் அங்கே போகும்."

"மூன்று வாக்கியம், பிரேமினி. காரணத்தைப் போட்டால் நாலாகும்."

"வேறொன்றை எடுத்துவிட்டுப் போடுகிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கண்களைக் கசக்கினார். "கேளுங்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்த ஏழு நிமிடத்தில் ஏழு விடயம். ஒவ்வொன்றிலும் முதல் வாக்கியத்தைத்தான் முழுதாகப் படிப்பார். அதில் தனக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்பார். மலை பிளந்திருக்கிறது என்று தொடங்கினால், இதை ஏன் எனக்குச் சொல்கிறீர்கள் என்று என்னைக் கேட்பார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதிக் கொண்டுவாருங்கள். ஆறு மணிக்குள்."

மணி நாலே முக்கால். அவள் ஐந்து தடவை எழுதினாள். முதல் தடவை எழுதியதில் பிள்ளைகள் இருந்தார்கள், குளிர் இருந்தது, பாடசாலையின் சிமெந்துத் தரை இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைந்தது. கடைசியில் இப்படி வந்தது: ஜனாதிபதி தங்கியிருக்கும் நாட்களில், அவர் செல்லவிருக்கும் வீதிக்கு அருகில், ஐம்பத்தெட்டுக் குடும்பங்கள் வசிக்கும் லயங்களின் மேல் மண் சரியும் அபாயம் உள்ளது. எச்சரித்தும் அரசு செயற்படவில்லை என்று மக்கள் சனிக்கிழமை அவரிடம் நேரில் மனுக் கொடுக்க இருக்கிறார்கள். இப்போது இடம் மாற்றினால் இரண்டையும் தவிர்க்கலாம்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் திரும்பப் படித்தபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அங்கே இருக்கிறவர்களின் பயத்தை எடுத்துவிட்டு இங்கே இருக்கிற ஒருவருக்கு வரக்கூடிய பயத்தை வைத்திருந்தாள்.

விமலசூரிய இரண்டு சொற்களை வெட்டினார். ஒன்று என்ற இலக்கத்தை அடித்து மூன்று என்று போட்டார். "இதற்குப் பதில் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ஏழு பத்துக்குத் தோல் பை திரும்பி வந்தது. வழக்கத்தில் அதில் ஒன்றிரண்டு பென்சில் கோடு இருக்கும், பல நாள் ஒன்றும் இருக்காது என்று சொல்லியிருந்தார்கள். அன்று மூன்றாவது விடயத்தின் ஓரத்தில் சாய்ந்த கையெழுத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஆட்கள் இப்போது எங்கே?

பிரேமினி அந்தக் கேள்வியை இரண்டு தரம் வாசித்தாள். நியாயமான கேள்வி. அது தன் அறிக்கையிலேயே இருந்திருக்க வேண்டும். வெட்டிய சொற்களோடு அதுவும் போயிருந்தது.

பதில் கொடுக்க இருபது நிமிடம். அழகுமுத்துவைத் தொலைபேசியில் எழுப்பினாள். இருநூற்றுப் பதினொரு பேர், அதில் சிறுவர் நாற்பத்தாறு, தோட்டப் பாடசாலையின் ஒரே மண்டபத்தில். எழுதிக் கொடுத்தாள். அன்று மாலைக்குள் பாய்களும் அரிசியும் மழைக்குத் தறப்பாளும் லொறியில் போயின. சனங்களை லயத்துக்குத் திரும்பச் சொல்லக் கூடாது என்று தோட்ட நிர்வாகத்துக்கும் சொல்லப்பட்டது.

வேறொன்றும் நடந்தது. பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களும் அதே தாளைப் படித்திருந்தார்கள். சனிக்கிழமை ஜனாதிபதி வீதியால் போகவில்லை, ஹெலிகொப்டரில் போனார்.

"வெள்ளன ஆறு மணிக்குப் போய் நின்னாங்க மிஸ்" என்று அழகுமுத்து பிறகு சொன்னார். "பொம்பளைக எல்லாம் நல்ல சாரி கட்டிக்கிட்டு. மீனம்மா கடுதாசிய ஈரம் படக்கூடாதுன்னு பொலித்தீன் பையில வச்சிருந்துச்சு. பனியில ஒண்ணும் தெரியல, மேல சத்தம் மட்டும் கேட்டுச்சு. மதியம் ரெண்டு மணிக்குத்தான் திரும்புனாங்க."

அந்த வாரம் முடிந்ததும் ஜனாதிபதியும் தாளும் கொழும்புக்குத் திரும்பினார்கள். பிரேமினி ஹட்டனுக்கு வந்தாள். ஒன்பது நாளில் பாடசாலை விடுமுறை முடிந்தது. மண்டபத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். சனங்களுக்குப் போக வேறு இடமில்லை. சாமான்களைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கே போனார்கள்.

அவள் அதையும் எழுதி அனுப்பினாள். மூன்று வாக்கியத்தில், பழகிவிட்ட முறையில். இந்த முறை விமலசூரியவின் பதில் ஒரு வரியில் வந்தது. ஏற்கனவே சொல்லப்பட்டது, புதிதாக என்ன?

அது அவருடைய விதி மட்டுமல்ல, தாளின் விதி. ஒரு தடவை வந்த விடயம் மாற்றமில்லாமல் மறுபடி வராது. அவள் அன்று மதியம் கொண்டுவந்த சோற்றைத் திறக்காமல் மேசையில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு எழுந்து அழகுமுத்துவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணே, அந்தப் பொளவுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடிச்சு வைக்க முடியுமா? தெனமும் காலையில ரெண்டு முளைக்கும் நடுவுல அளந்து சொல்லணும்."

"என்னாத்துக்கு மிஸ்?"

"புதுசா ஏதாவது இருந்தாத்தான் போடுவாங்களாம்."

அவர் அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது கேட்டது. "நான் தெனமும் அவ்வளவு மேல ஏற முடியாது. முட்டி வலி. மீனம்மாகிட்ட சொல்றேன். அது தைக்கிற பொம்பள, டேப்பு வச்சிருக்கும்."

அடுத்த நாளிலிருந்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் மீனம்மா மலையேறி அளந்தாள். அழகுமுத்துவுக்குச் சொன்னாள். அவர் பிரேமினிக்குச் சொன்னார். பிரேமினி எழுதினாள். இருபத்து மூன்று அங்குலம். இருபத்து மூன்றேகால். மழை இல்லாத நாளில் மாற்றமில்லை, அன்றைக்கும் எழுதினாள். மே மாதம் பிறந்து தென்மேற்கு மழை தொடங்கியதும் ஒரே நாளில் ஒன்றரை அங்குலம் கூடியது. கொழும்பில் எல்லாமே வெட்டப்பட்டன. ஹட்டன் அலுவலகத் தலைவர் கூப்பிட்டு, "இது என்ன நில அளவைத் திணைக்களமா?" என்று கேட்டார். "இல்லை சார்" என்றாள். மறுநாளும் எழுதினாள். நம்பிக்கையால் என்று சொல்ல முடியாது. மலையேறி ஒருத்தி அளந்து அனுப்பியதைப் போடாமல் விட அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

பதினான்காம் நாள் எதிர்பாராத இடத்திலிருந்து அழைப்பு வந்தது. அனர்த்தம் தொடர்பான எந்த அறிக்கையின் பிரதியும் மாவட்டச் செயலகத்துக்கும் போகும் என்று ஒரு பழைய சுற்றறிக்கை இருந்தது. அங்கே நிலக்ஷி என்ற இளம் உத்தியோகத்தர் வேலைக்கு வந்து ஆறு மாதமாகிறது. வருகிற தாள் எல்லாவற்றையும் வாசிக்கிற பழக்கம் இன்னும் போகாதவள்.

"மிஸ், இந்த அளவ எடுக்குறது யாருங்க?"

"ஹார்வெல்ல கொழுந்து எடுக்குற ஒரு அம்மா."

"இது சரியா இருந்தா அங்க யாருமே இருக்கக் கூடாது. நான் நாளைக்கே மண்சரிவு பாக்குற ஆபீசரக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

சொன்னபடியே போனாள். வந்த அதிகாரி பிளவைப் பார்த்துவிட்டு அன்றே கையெழுத்திட்டார். கீழ்ப்பிரிவில் மூடிக் கிடந்த பழைய ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையைத் திறந்து கொடுக்கும்படி தோட்டத்துக்கு உத்தரவு போனது. மே பதினேழாம் தேதி ஐம்பத்தெட்டுக் குடும்பங்களும் அங்கே மாறின.

இருபத்தோராம் தேதி முற்பகல் பத்தரைக்கு மலை வந்தது. ஐந்து லயத்தில் மூன்று இருந்த இடம் தெரியவில்லை. கோயில் மணி மட்டும் கீழே வடிகானுக்குள் கிடந்தது. லயங்களில் ஆளில்லை, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. மாயாண்டி என்பவரின் பசுமாடு ஒன்று போய்விட்டது. புல்லுக்காக அதை அங்கேயே கட்டியிருந்தார்.

பிரேமினி அன்றே அதை எழுதி அனுப்பினாள். பிற்பகல் மூன்று மணிக்கு விமலசூரிய தானே தொலைபேசியில் வந்தார்.

"உயிர்ச்சேதம்?"

"இல்லை சார். முந்தியே மாற்றிவிட்டார்கள்."

"நல்லது" என்றார். பிறகு, "அப்படியானால் நாளைய தாளில் இடமில்லை, பிரேமினி. வடக்கில் ஒரு விடயம், துறைமுகத்தில் ஒரு விடயம். ஒருவரும் சாகாத மண்சரிவை நான் எப்படிப் போட?"

"தெரியும் சார்."

"போட்டிருந்தாலும் உங்கள் பெயர் வந்திருக்காது."

"அதுவும் தெரியும்."

"வைக்கிறேன். மருந்து குடிக்க வேண்டும்" என்று அவர் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறி நோர்வுட் வழியாகப் பொகவந்தலாவை போனாள். அலுவலக விதிப்படி போகக் கூடாது. சந்தியில் அழகுமுத்து மோட்டார் சைக்கிளுடன் நின்றார். ஸ்டோரின் மேல்மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய நீண்ட தட்டுகளுக்கு நடுவே சாரிகளைக் கட்டி மறைத்து ஒவ்வொரு குடும்பமும் ஓர் இடம் பிடித்திருந்தது. ஈரத்துணி நாற்றமும் மண்ணெண்ணெய் நாற்றமும் கலந்து அடித்தன. ஐம்பத்தெட்டுக் குடும்பத்துக்கு இரண்டு கழிப்பறை.

மீனம்மா மெலிந்த, நெட்டையான பெண். ஐம்பது வயதிருக்கும். அழகுமுத்து, "இவங்க கச்சேரியில வேல செய்ற மிஸ்" என்று மாவட்டச் செயலகத்து ஆளாக அறிமுகம் செய்தார்.

"கச்சேரியா" என்றாள் மீனம்மா. "சரி, ஒக்காருங்க. உங்க கூட வந்தா எந்தக் கச்சேரின்னு எங்களுக்குத் தெரியாதா மாமா?"

பிரேமினிக்கு முகம் சுட்டது. மறுக்கத் தோன்றவில்லை. ஒரு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"தெனமும் அளந்தது நீங்கதான?"

"ஆமாங்க. என்னாத்துக்குன்னு இவரு சரியா சொல்லல. சரி, யாரோ கேக்குறாங்களேன்னு அளந்தேன்." தேத்தண்ணியை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "அந்தப் பெரியவரு பாத்தாருங்களா?"

"ஒரு தடவ பாத்தாரு. ஆட்கள் எங்கன்னு கேட்டாரு."

"கேட்டாரா?" மீனம்மா அதை நினைத்துப் பார்ப்பவள்போல் இருந்தாள். "அப்புறம்?"

"அப்புறம் இல்லீங்க. நீங்க அளந்தது அவருகிட்ட போகல. வேற ஒரு பிள்ள கண்ணுல பட்டுச்சு. அதுதான் ஆள் அனுப்புனது."

மீனம்மா பொலித்தீன் பையிலிருந்த கடிதத்தை எடுத்துவந்தாள். மடித்த மடிப்பில் மை மங்கியிருந்தது. "இத நீங்களே குடுத்துருங்களேன். லயம் போனது போகட்டும். பத்துப் பேர்ச் அளவு நெலமும் ஒரு வீடும்தான் கேட்டிருக்கோம். இந்த ஸ்டோருக்குள்ள எத்தன மாசம் கெடக்குறது?"

வாங்கிக்கொண்டால் அவள் முகம் தெளியும். வாங்குவது எளிது. பிரேமினி கடிதத்தைப் பிரித்து முழுவதையும் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னால அவரு கையில குடுக்க முடியாதுங்க. குடுக்குறேன்னு சொன்னா அது பொய். அந்த நிலக்ஷி பிள்ளைகிட்ட பிரதி ஒண்ணு குடுங்க, அது படிக்கும். நான் இங்க எத்தன பேரு இருக்கீங்க, என்ன இல்லன்னு எழுதுறேன். மேல போகுமான்னு தெரியாது. எழுதுவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

மீனம்மா கடிதத்தைப் பைக்குள் வைத்து, காற்றுப் போகாமல் வாயை முறுக்கினாள். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "சரி, எழுதுங்க" என்றாள். "கக்கூசு ரெண்டுதான்னு மொத எழுதுங்க. பொம்பளைகளுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு."

பிரேமினி கைப்பையிலிருந்து பேனையை எடுத்தாள். மீனம்மா எழுந்து சாரித் திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே முன்னால் நடந்தாள். பின்னால் போய் இவள் குறித்துக்கொண்டாள்.